பெடல் அமுங்கியதா, கல்லாக நின்றதா: காருக்குப் பிரேக் சாமான் தேர்ந்தெடுப்பது எப்படி

மாஞ்சோலைக்குப் போய்விட்டு மணிமுத்தாறு பக்கம் இறங்கிக்கொண்டிருந்தோம். வண்டியில் ஐந்து பேர்: அத்தை, மாமா, அவர்கள் பிள்ளைகள் இருவர், ஸ்டியரிங்கில் நான். இறக்கத்தில் பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று பாதித் தூரம் நியூட்ரலில் விட்டு, பிரேக்கிலேயே காலை வைத்தபடி வந்தேன். ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் பெடலை மிதித்தால், ஈர மணலில் கால் புதைவதுபோல உள்ளே போனது. வண்டி நிற்கவில்லை. மடமடவென்று நாலு மிதி மிதித்தேன், முதல் கியரில் போட்டேன், ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், பள்ளம் இல்லாத மலைப் பக்கமாக ஒட்டி ஒருவழியாக நிறுத்தினேன். முன் சக்கரங்களிலிருந்து கருகல் வாடை. அத்தை பேசவே இல்லை.

ஒரு மணி நேரம் நிழலில் கிடந்த பிறகு பெடல் பழையபடி நின்றது. ஒன்றுமே நடக்காததுபோல வீடு வரைக்கும் வந்தோம்.

மறுநாள் அம்பாசமுத்திரத்தில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணாச்சியிடம் வண்டியை விட்டேன். பிரேக்கையே மாற்றிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். பெரிய டிஸ்க், நாலு பிஸ்டன் காலிபர், ஓட்டை போட்ட ரோட்டார் என்று விலை கேட்டு ஒரு சீட்டில் எழுதியும் வைத்திருந்தேன். அண்ணாச்சி சீட்டைப் பார்க்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“தம்பி, பெடல் அமுங்குச்சா, இல்ல கல்லு மாதிரி நின்னுச்சா?”

“அமுங்குச்சு அண்ணாச்சி. பம்ப் பண்ணினாத்தான் கொஞ்சம் பிடிச்சுது.”

“அப்ப பேடு இல்ல. ஆயிலு கொதிச்சிட்டு.”

பிரேக்கைக் கூட்ட நினைக்கிற யாரும் கடைக்குப் போகும் முன் இந்தக் கேள்வியைத் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. எந்த இடத்தில் குறை என்று தெரியாமல் வாங்கும் சாமான் எவ்வளவு விலையானாலும் அந்தக் குறையைத் தீர்க்காது. சில நேரம் புதுக் குறையையும் கொண்டுவரும்.

பிரேக் என்ன வேலை செய்கிறது?

ஓடுகிற வண்டியின் வேகத்தைப் பிரேக் சூடாக மாற்றுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற இரும்புத் தட்டை (ரோட்டார் என்பதும் இதுதான்), காலிபர் என்ற கவ்வியில் இருக்கும் பிஸ்டன் தள்ள, இரண்டு பக்கமும் பேடுகள் நெருக்கிப் பிடிக்கின்றன, உரசலில் சூடு பிறக்கிறது, அந்தச் சூடு காற்றில் கரைகிறது. பிறக்கும் சூட்டைவிடக் கரையும் சூடு குறைந்தால் எங்காவது ஓரிடம் தாங்காமல் போகும்.

எவ்வளவு சூடு என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் மனசில் ஏறும். சின்னக் கார், ஐந்து பேர், கொஞ்சம் சாமான். மொத்தம் 1200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நாங்குநேரி பக்கம் நான்குவழிச் சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரே மூச்சில் நிறுத்தினால் பிறக்கும் சூடு ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதே வண்டி 1000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால்? இறக்கம் முழுவதையும் பிரேக்கிலேயே பிடித்துக்கொண்டு வந்தால் 40 லிட்டர் தண்ணீர் கொதிக்கும். இரண்டு பெரிய குடம் கொதிநீர். சமவெளியில் 25 முறை 100-லிருந்து நிறுத்துவதற்குச் சமம். மலைப்பாதையில் வேகம் குறைவு என்பதால் சக்கரத்துக்குள் புகுந்து குளிர்விக்கும் காற்றும் குறைவு.

கியரில் இறங்கினால் அந்தச் சூட்டில் பெரும் பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். நான் நியூட்ரலில் விட்டபோது மொத்தத்தையும் பிரேக்கின் தலையில் கட்டினேன். போதாததற்கு, இப்போதைய வண்டிகளில் கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரில் கால் இல்லையென்றால் எஞ்சினுக்குப் பெட்ரோலே போகாது; நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் செலவாகும். ஆக, மிச்சம் பிடித்ததும் இல்லை. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்கு இறங்குபவர்களுக்கும், பாபநாசத்திலிருந்து காரையாறு போய்த் திரும்புபவர்களுக்கும் இது பொருந்தும். ஏறிய கியரிலேயே இறங்குவது நம்மூர் லாரி டிரைவர்கள் காலங்காலமாகச் செய்வது. காசு கொடுத்து எதையும் வாங்கும் முன் செய்ய வேண்டிய மாற்றம் அது.

சரி, பழக்கத்தையும் மாற்றிக்கொண்டாயிற்று, இன்னும் பிரேக் போதவில்லை என்றால் குறை மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும். பெடல் அமுங்குகிறது என்றால் ஆயிலையும், அதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஹோஸையும் பார்க்க வேண்டும். பெடல் கல்லாக நிற்கிறது, ஆனால் வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது என்றால் பேடும் டிஸ்க்கும் சூடேறிப் பிடிமானம் இழந்திருக்கின்றன. பெடலும் சரி, பிடியும் சரி, ஆனால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்குகிறது, அல்லது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் காலடியில் கடகடவென்று உதறுகிறது என்றால் பிரேக் தன் வேலையைச் செய்துவிட்டது. இனி டயர்தான் பதில் சொல்ல வேண்டும். எஞ்சின் ஓடும்போதே எப்போதும் பெடல் கல்லாக இருந்தால் அது வேறு கதை. கால் பலத்தைக் கூட்டிக்கொடுக்கும் பூஸ்டருக்குப் போகும் வாக்குவம் குழாயை முதலில் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஆயில்: மலிவு, ஆனால் முதல் இடம்

அண்ணாச்சி ஒரு சின்ன ஊசியால் என் வண்டியின் பிரேக் ஆயிலை உறிஞ்சி, கண்ணாடி டம்ளரில் விட்டு வெளிச்சத்தில் பிடித்தார். கருப்பட்டிக் காப்பி நிறம். பக்கத்திலேயே புது டப்பாவிலிருந்து கொஞ்சம் ஊற்றிக் காட்டினார். அது வெளிறிய தேன் நிறத்தில் இருந்தது. கடைசியாக எப்போது மாற்றியது என்று கேட்டார். எனக்கு நினைவில்லை. ஐந்து வருடத்துக்குக் குறையாது.

பிரேக் ஆயில் என்று நாம் சொன்னாலும் அது எண்ணெய் இல்லை. கிளைக்கால் வகைத் திரவம். காற்றிலிருக்கும் ஈரத்தை இழுப்பது அதன் இயல்பு. மழைக்காலத்தில் மூடி வைத்த உப்பு ஜாடிகூடக் கசியுமே, அதுபோல. ஹோஸின் ரப்பர் வழியாகவும், மூடி வழியாகவும் வருடக்கணக்கில் ஈரம் மெல்ல உள்ளே போகும். ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கும். பேடின் சூடு பிஸ்டன் வழியாக ஆயிலுக்கு ஏறி அந்த அளவைத் தாண்டினால் உள்ளே நீராவிக் குமிழி உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, அதனால்தான் கால் அழுத்தம் அப்படியே சக்கரத்துக்குப் போகிறது. ஆவி அமுங்கும். பெடலின் பாதை முழுவதும் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகும். ஆறியதும் ஆவி திரும்பத் திரவமாகும், பெடலும் திரும்பி வரும். எனக்கு நடந்தது இதுதான். ஒரு மணி நேரத்தில் தானாகச் சரியானதற்கும் காரணம் இதுதான்.

டப்பாவில் டாட் 3, டாட் 4, டாட் 5.1 என்று போட்டிருக்கும். புதிதாக இருக்கும்போது டாட் 3-க்குக் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், டாட் 4-க்கு 230, டாட் 5.1-க்கு 260 கொதிநிலை இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் சேர்ந்த பிறகு இவையே 140, 155, 180 என்று இறங்கிவிடும். கடையில் எல்லோரும் முதல் எண்ணைப் பார்க்கிறார்கள். வண்டியில் ஒன்றிரண்டு வருடம் கிடந்த ஆயிலுக்குப் பொருந்துவது இரண்டாவது எண். டாட் 3 கேட்கும் வண்டிக்கு டாட் 4 ஊற்றலாம், இரண்டும் ஒரே குடும்பம். ஆனால் எண்ணில் மட்டும் அடுத்ததாகத் தெரியும் டாட் 5 முற்றிலும் வேறு. அது சிலிக்கோன். இவற்றோடு கலக்கவே கூடாது. டாட் 5.1-ஐக் கேட்டு டாட் 5-ஐ வாங்கி வந்துவிடாமல் டப்பாவை நீங்களே படித்துவிடுங்கள்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்றிவிடுவது நல்லது. வருடா வருடம் மலை ஏறுகிறவர்கள், குற்றாலச் சாரல் காலத்தில் அடிக்கடி போய் வருகிறவர்கள் இந்தத் தவணையைத் தள்ளிப்போடவே வேண்டாம். பானெட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டேங்கில் இருப்பதை மட்டும் உறிஞ்சிவிட்டுப் புதிதாக ஊற்றுவது பலனில்லாத வேலை. கொதிப்பது காலிபர் பக்கம் கிடக்கும் பழைய ஆயில்தான். நான்கு சக்கரத்திலும் ஆயிலை வெளியே விடும் நிப்பிளைத் திறந்து, தெளிவான புது ஆயில் வரும்வரை ஓடவிட்டு, உள்ளே இருக்கும் காற்றையும் வெளியேற்ற வேண்டும் (ஏர் எடுப்பது என்பது இதுதான்). திறந்து வைத்து மாதக்கணக்கான டப்பாவிலிருந்து ஊற்ற விடாதீர்கள். இன்னொன்று: இந்த ஆயில் பெயிண்டை அரிக்கும். பானெட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

அதே நேரத்தில் ரப்பர் ஹோஸ்களையும் மடக்கிப் பாருங்கள். மடித்த இடத்தில் வெடிப்புத் தெரிந்தால் மாற்ற வேண்டிய நாள் வந்துவிட்டது. எஃகு இழை பின்னிய ஹோஸ் போட்டால் அழுத்தத்தில் ஹோஸ் ஊதுவது குறையும், பெடல் கொஞ்சம் கெட்டியாகும். நல்ல சாமான்தான். பிரேக் தூரத்தைப் பெரிதாகக் குறைத்துவிடும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

பேடு வாங்கும்போது

கல்லாக நின்ற பெடல், நிற்காத வண்டி. இது பேடின் குறை. ஒவ்வொரு பேடு கலவைக்கும் ஒரு சூட்டு எல்லை உண்டு. அதைத் தாண்டினால் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி வழவழத்து, பிடிக்காமல் வழுக்கும்.

கலவையில் மூன்று வகை பொதுவாகக் கிடைக்கும். கம்பெனியிலிருந்து வரும் சின்னக் கார்களில் பெரும்பாலும் இழைகளும் பிசினும் கலந்த ஆர்கானிக் வகை இருக்கும். சத்தம் கிடையாது, குளிரிலேயே பிடிக்கும், டிஸ்க்கைத் தின்னாது. ஆனால் சூடு தாங்குவது குறைவு. செமி மெட்டாலிக் என்பதில் இரும்புத் தூளும் இழையும் அதிகம். சூடு நன்றாகத் தாங்கும். காலையில் முதல் மிதிக்குக் கொஞ்சம் மந்தம், கீச்சுச் சத்தம் வரலாம், வீல் கறுக்கும், டிஸ்க்கும் சற்று வேகமாகத் தேயும். செராமிக் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும். தூசி குறைவு, விலை கூடுதல். குடும்பத்தோடு வருடத்தில் நாலைந்து முறை மலை ஏறி இறங்குபவருக்கு நல்ல கம்பெனியின் செமி மெட்டாலிக் அல்லது செராமிக் போதும் என்பது என் கருத்து. ரேஸ் பேடு வேண்டவே வேண்டாம். அது சூடேறிய பிறகுதான் பிடிக்க ஆரம்பிக்கும். சமாதானபுரம் சிக்னலில் குறுக்கே ஓடிவரும் பிள்ளைக்கு அந்தச் சூடு ஏறும்வரை காத்திருக்க நேரம் இருக்காது.

பேடின் பின்தட்டையோ ஓரத்தையோ வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அச்சடித்த எழுத்து வரிசையின் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்துகள் சேர்ந்து நிற்கும். இஇ, எஃப்எஃப், ஜிஜி என்பதுபோல. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உள்ள உரசல் அளவு, இரண்டாவது நன்றாகச் சூடேறிய பிறகு உள்ள அளவு. இ என்றால் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. எஃப்இ என்று இருந்தால் சூடேறியதும் பிடி இறங்குகிறது என்று பொருள். மலைக்கு அது ஆகாது. இரண்டும் ஒரே எழுத்தாக இருப்பதைத் தேடுங்கள். ஆனால் எழுத்து ஒன்றாக இருக்கும் எல்லாப் பேடும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. எவ்வளவு நாள் உழைக்கும், எவ்வளவு சத்தம் போடும் என்பதெல்லாம் இந்த எழுத்தில் இல்லை. எழுத்தே அச்சடிக்காத பேடு என்றால் நான் தொடமாட்டேன்.

இதில் நம் நெல்லைச் சீமைக்கு ஒரு பெருமையும் உண்டு. டிவிஎஸ் என்ற பெயரின் முதல் எழுத்து களக்காட்டுக்குப் பக்கத்திலிருக்கும் திருக்குறுங்குடியைக் குறிப்பது, டி. வி. சுந்தரம் ஐயங்கார் பிறந்த ஊர் அது. அந்தக் குழுமம் இங்கிலாந்தின் லூக்காஸ் கிர்லிங்கோடு சேர்ந்து 1962-இல் தொடங்கியதுதான் பிரேக்ஸ் இந்தியா. பெரிய பெயர் என்றாலே போலியும் கூடவே வரும். அதனால் பில்லோடு வாங்குங்கள். பெட்டியில் உள்ள பாக எண்ணும் பின்தட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

கடைக்குப் போகும்போது வண்டியின் மாடல் பெயரை மட்டும் சொல்வது போதாது. ஒரே மாடலில் பெட்ரோலுக்கு ஒரு பேடு, டீசலுக்கு ஒன்று, வருடம் மாறினால் வேறொன்று என்று வரும். ஆர்சியிலிருந்து சேஸிஸ் நம்பரைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். இயன்றால் கழற்றிய பழைய பேடையும் கையில் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என் வண்டிக்கு முதலில் கொடுத்த பேடின் காது, அதாவது பிராக்கெட்டில் உட்காரும் முனை, இரண்டு மில்லிமீட்டர் அகலம் கூடுதல். அரம் வைத்துத் தேய்த்துப் போடலாம் என்றார் கடைப் பையன். அண்ணாச்சி திருப்பி அனுப்பிவிட்டார். அவர் செய்தது சரி. காது இறுகினால் பேடு திரும்பி விலகாது, ஓடும்போதெல்லாம் உரசிச் சூடேற்றிக்கொண்டே இருக்கும்.

பேடு மாற்றும் அன்றே காலிபரின் சிலைடிங் பின்களைக் கழற்றித் துடைத்து, அதற்கென்று உள்ள சிலிக்கோன் கிரீஸ் போடச் சொல்லுங்கள். உவரி, இடிந்தகரை, கூடங்குளம் என்று கடற்கரையோரம் இருக்கும் வண்டிகளில் உப்புக் காற்று இந்தப் பின்களைத் துருப்பிடிக்க வைத்துவிடும். பின் இறுகினால் ஒரு பக்கப் பேடு மட்டும் தேயும், வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். புதுப் பேடு போட்டும் பிரேக் சரியில்லை என்று குறைபடுபவர்களில் பலருக்குக் காரணம் இந்த விரல் நீளப் பின்தான்.

டிஸ்க்கும் தோசைக்கல்லும்

மெல்லிய தோசைக்கல் சட்டென்று காயும், சட்டென்று கருக்கும். கனமான இரும்புக்கல் மெதுவாகத்தான் சூடேறும். டிஸ்க்கும் அப்படித்தான். நம் 1200 கிலோ வண்டியை 100-லிருந்து நிறுத்தும்போது முன்சக்கரங்கள் பத்தில் ஏழு பங்கு வேலை செய்கின்றன என்று வைத்தால், ஐந்து கிலோ எடையுள்ள முன் டிஸ்க்கின் சூடு ஒரே நிறுத்தத்தில் ஏறக்குறைய 70 டிகிரி கூடும். அதுவே ஏழு கிலோ டிஸ்க் என்றால் 50 டிகிரிதான். பெரிய டிஸ்க்கின் முதல் பலன் இந்தத் தாங்கும் சக்தி.

கனம் மட்டும் போதாது, ஆறவும் வேண்டும். வெண்டிலேட்டட் டிஸ்க் என்பது நடுவில் இடைவெளி விட்டு இரண்டு தட்டுகளைச் சிறு தடுப்புகளால் இணைத்தது. சுழலும்போது நடுவிலிருந்து காற்றை உறிஞ்சி ஓரத்தில் தள்ளும், ஒரு சின்ன ஃபேன் மாதிரி. முன் சக்கரத்தில் ஒற்றைத் தட்டு டிஸ்க் உள்ள பழைய வண்டிக்கு இது பெரிய முன்னேற்றம்.

ஓட்டை போட்ட டிஸ்க் பார்க்க அழகு. பழைய காலப் பேடுகள் சூட்டில் வாயு விட்டன, அது வெளியேற வழி வேண்டும் என்று வந்தது அந்த ஓட்டை. இப்போதைய பேடுகளுக்கு அந்தத் தேவை மிகக் குறைவு. ஓட்டை போட்ட அளவுக்கு இரும்பு குறைகிறது, கடும் சூட்டில் ஓட்டையைச் சுற்றி விரிசல் விழும் ஆபத்தும் இருக்கிறது. கீறல் போட்ட டிஸ்க் பரவாயில்லை. மழைத் தண்ணீரையும் பேடுத் தூளையும் வழித்துத் தள்ளும், பதிலுக்குப் பேடைக் கொஞ்சம் வேகமாகத் தின்னும். வீட்டு வண்டிக்கு நல்ல கம்பெனியின் வழவழப்பான வெண்டிலேட்டட் டிஸ்க்கே போதும்.

மாற்றத்தான் வேண்டுமா என்று எப்படித் தெரியும்? டிஸ்க் ஆறியிருக்கும்போது ஓரத்தை நகத்தால் தடவுங்கள். பேடு படாத விளிம்பு வரப்பு மாதிரி தட்டுப்படும். அந்த வரப்பு எவ்வளவு உயரமோ அவ்வளவு தேய்ந்திருக்கிறது. டிஸ்க்கிலேயே எங்காவது குறைந்தபட்சத் தடிமன் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். அந்த எண்ணுக்குக் கீழே போன டிஸ்க்கை லேத்தில் கொடுத்துக் கடைந்து போடுவது மெல்லிய கல்லை இன்னும் மெல்லியதாக்குவது. எப்போதும் வலம், இடம் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பெரிய டிஸ்க்கின் இரண்டாவது பலன் நெம்பு பலம். பிடிக்கும் இடம் சக்கர மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு சுலபமாக நிறுத்தலாம். திருகையின் கைப்பிடி ஓரத்தில் இருப்பதுபோல. 240 மில்லிமீட்டர் டிஸ்க்கை 260 ஆக்கினால் ஏறக்குறைய 10 சதவீதம் கூடுதல் பிடி. இங்கேதான் சிக்கலும் தொடங்குகிறது.

ஒன்றை மாற்றினால் மற்றது கேட்கும்

14 அங்குல வீல் என்பது 355 மில்லிமீட்டர். அதற்குள் டிஸ்க், அதன் மேல் கவ்வி நிற்கும் காலிபர், வீலின் உட்புறத் தடிமன் எல்லாம் அடங்க வேண்டும். பெரிய டிஸ்க் என்றால் பல நேரம் பெரிய வீலும், அதற்கேற்ற டயரும் சேர்ந்தே வரும். வாங்கும் முன் காலிபரின் வெளிவடிவத்தை அட்டையில் வெட்டி வீலுக்குள் வைத்துப் பார்ப்பது பழைய வழி, நல்ல வழி.

அப்புறம் பிஸ்டன். பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் குறுக்களவு 20 மில்லிமீட்டர், காலிபர் பிஸ்டன் 54 என்றால் பரப்பு ஏழு மடங்குக்குக் கொஞ்சம் மேல். கால் கொடுக்கும் அழுத்தம் ஏழு மடங்காகப் போகிறது. ஆனால் பிஸ்டன் ஒரு மில்லிமீட்டர் நகர, மாஸ்டர் ஏழு மில்லிமீட்டர் தள்ள வேண்டும். ஆசைப்பட்டு 60 மில்லிமீட்டர் பிஸ்டன் உள்ள காலிபரைப் போட்டால் அது ஒன்பது மடங்காகும். பிடி கூடும், பெடலும் அந்த அளவுக்குக் கூடுதலாக இறங்கும். அதைச் சரிக்கட்டப் பெரிய மாஸ்டர் போட்டால் பெடல் இறுகும், வந்த பலம் திரும்பிப் போகும். நாலு பிஸ்டன் என்றதும் நாலு மடங்கு என்று நினைப்பவர்கள் உண்டு. எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பரப்பைக் கேளுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள பங்கீடு. பிரேக் பிடித்ததும் எடை முன்னால் சாய்கிறது, அதனால் முன்சக்கரத்துக்குப் பெரும் பங்கு. அதற்கென்று ஓர் அளவு இருக்கிறது, கம்பெனி அதைப் பார்த்துத்தான் வால்வும் ஏபிஎஸ்ஸும் அமைத்திருக்கிறது. முன்னால் மட்டும் பெரிதாகப் போட்டால் பின்சக்கரம் தன் பங்கைச் செய்யும் முன்பே முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும். நிறுத்தும் தூரம் கூடவும் செய்யலாம். பின்னால் பெரிதாகப் போட்டால் அதைவிட ஆபத்து. பின்சக்கரம் முதலில் பூட்டினால் வண்டி முன்பின்னாகச் சுழன்று திரும்பும். பின்சக்கரத்தின் டிரம் பிரேக்கைக் கழற்றி டிஸ்க் போட வேண்டும் என்று கேட்கும் தம்பிகளுக்குச் சொல்வது: நல்ல லைனர் (டிரம்முக்குள் உரசும் பட்டை), சரியான அட்ஜஸ்ட்மெண்ட் இருந்தால் சின்னக் காருக்கு டிரம் போதும். டிஸ்க்குக்குப் போனால் ஹேண்ட் பிரேக் ஏற்பாட்டையும் முழுவதும் மாற்ற வேண்டிவரும்.

இத்தனை சிக்கலுக்கும் நடுவில் ஒரு நல்ல வழி இருக்கிறது. உங்கள் மாடலிலேயே எடை கூடிய டீசல் வண்டிக்கோ உயர் வேரியண்டுக்கோ கம்பெனியே பெரிய டிஸ்க்கும் காலிபரும் போட்டிருக்கும். அந்த ஜோடியை அப்படியே, டிஸ்க், காலிபர், பிராக்கெட், பேடு எல்லாமாக எடுத்துக்கொள்வதுதான் வீட்டு வண்டிக்கு நான் பரிந்துரைக்கும் எல்லை. அப்போதும் காலிபர் போல்ட் இடைவெளி, நடுத்துளை, டிஸ்க்கின் தொப்பி உயரம், மாஸ்டர் சிலிண்டர் அளவு எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பாக எண்களை வைத்துச் சரிபார்க்க வேண்டும். இதற்கு மேல் போனால் சட்டமும் வரும்: மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வியும் அதுவாக இருக்கலாம்.

கடைசியில் நிறுத்துவது டயர்

80 கிலோமீட்டர் வேகத்தில், காய்ந்த நல்ல ரோட்டில், நல்ல டயரோடு முழு பிரேக் பிடித்தால் வண்டி சுமார் 31 மீட்டரில் நிற்கும். பிடிமானம் பாதியாகும் ஈர ரோட்டில் 63 மீட்டர். இந்தக் கணக்கில் டிஸ்க் அளவும் பிஸ்டன் எண்ணிக்கையும் எங்குமே இல்லை. சக்கரத்தைப் பூட்டும் அளவுக்குப் பிரேக் பலமாக இருந்தால், அதற்கு மேல் எல்லாம் ரப்பருக்கும் ரோட்டுக்கும் உள்ள விவகாரம். ஆடோ மயிலோ குறுக்கே வந்ததைக் கண்டு கால் பெடலுக்குப் போகும் ஒரு நொடியில் 22 மீட்டர் கடந்திருக்கும், அதுவும் தனி.

ஆகவே ஒற்றைத் திடீர் நிறுத்தத்தில் தூரம் குறைய வேண்டும் என்றால் பணத்தை டயரில் போடுங்கள். திரும்பத் திரும்ப மிதித்தாலும் பிரேக் தளராமல் இருக்க வேண்டும் என்றால் ஆயில், பேடு, டிஸ்க். இரண்டும் வேறு வேறு தேவை.

எனக்கு அண்ணாச்சி போட்டது இவ்வளவுதான்: நான்கு சக்கரமும் ஏர் எடுத்து டாட் 4 ஆயில், முன்னால் எஃப்எஃப் போட்ட செமி மெட்டாலிக் பேடு, வரப்பு ஏறிய இரண்டு டிஸ்க்குக்கும் பதில் புது கம்பெனி டிஸ்க், வெடித்திருந்த ஒரு ஹோஸ். சீட்டில் எழுதிய விலையில் நாலில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

புதுப் பேடைப் பழக்குவது என்று ஒன்று இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். காலையில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம், பின்னால் வண்டி வராத நேராக நீண்ட ரோடு. 60-க்கு ஏற்றி, மிதமாக மிதித்து 10 வரை இறக்க வேண்டும். முழுதாக நிறுத்தக் கூடாது. எட்டுப் பத்து முறை. நடுவில் ஒரு வாடை வரும், பயப்பட வேண்டாம். பேடின் மெல்லிய படலம் டிஸ்க்கில் ஒரே சீராகப் படிவதற்குத்தான் இவ்வளவும். முடிந்ததும் பத்து நிமிடம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிட வேண்டும். சூட்டோடு நிறுத்திப் பெடலை மிதித்துக்கொண்டே இருந்தால் பேடு பட்ட இடத்தில் மட்டும் திட்டாகப் படிந்து, பிறகு ஒவ்வொரு மிதிக்கும் ஸ்டியரிங் நடுங்கும்.

அடுத்த முறை இறங்கும்போது இரண்டாவது கியர், செங்குத்தான இடங்களில் முதலாவது. வளைவுக்கு முன் ஒரு அழுத்து, பிறகு கால் எடுத்துவிடுவது. மணிமுத்தாறு அணை கண்ணில் பட்டதும் ஓரமாக நிறுத்தி, பெடலை மெல்ல மிதித்துப் பார்த்தேன். காலையில் வீட்டு வாசலில் எந்த உயரத்தில் நின்றதோ அதே உயரத்தில் நின்றது. பானெட்டைத் திறந்தால் பிரேக் ஆயில் டேங்கின் மேல் ஒட்டிய டேப்பில், மாற்றிய தேதியும் அடுத்து மாற்ற வேண்டிய மாதமும் அண்ணாச்சியின் கையெழுத்தில் இருக்கின்றன.